ஐபிஎம்ஐ_எஸ்ஐ மாட்யூல் ஏறவில்லை, /டெவ்/ஐபிஎம்ஐ0 வரவில்லை: டெபியன் 12

அம்பத்தூர்_ரேக் கேட்டது:

வணக்கம். ஒரே மாடல் இரட்டை சாக்கெட் போர்டு உள்ள இரண்டு சர்வர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஹேண்டாக வாங்கியவை. இரண்டிலும் டெபியன் 12, கெர்னல் 6.1. ஒன்று அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு டேட்டா சென்டர் ரேக்கில், மற்றது கிண்டி ஆபீஸ் சர்வர் ரூமில். ஃபேன் வேகம், வெப்பநிலை, பவர் சப்ளை நிலை மூன்றையும் ஐபிஎம்ஐ (சர்வர் வன்பொருளின் நிலையைப் படிக்கவும் கட்டுப்படுத்தவும் உதவும் நெறிமுறை) வழியாக எடுத்துக் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும்.

அம்பத்தூர் மெஷினில் ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் (சென்சார் பட்டியலைக் காட்டும் கமாண்ட்) என்று கொடுத்தால் /டெவ்/ஐபிஎம்ஐ0 திறக்க முடியவில்லை, "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. மோட்ப்ரோப் ஐபிஎம்ஐ_டெவ்இன்ட்எஃப் சத்தமில்லாமல் முடிகிறது. மோட்ப்ரோப் ஐபிஎம்ஐ_எஸ்ஐ மட்டும் "நோ சச் டிவைஸ்". டிமெசேஜில் (கெர்னல் பதிவில்) வருவது:

ஐபிஎம்ஐ_எஸ்ஐ: எஸ்எம்பயாஸ்: ஐஓ 0எக்ஸ்சிஏ2 ரெக்சைஸ் 1 ஸ்பேசிங் 1 ஐஆர்க்யூ 0
ஐபிஎம்ஐ_எஸ்ஐ: தேர் அப்பியர்ஸ் டு பி நோ பிஎம்சி அட் திஸ் லொகேஷன்
ஐபிஎம்ஐ_எஸ்ஐ: அனேபிள் டு ஃபைண்ட் எனி சிஸ்டம் இன்டர்ஃபேஸ்

டைப்=கேசிஎஸ் (ஹோஸ்ட்டும் பிஎம்சியும் பேசிக்கொள்ளும் போர்ட் வழி), போர்ட்ஸ்=0எக்ஸ்சிஏ2 என்று கையால் கொடுத்தும் அதே பதில்தான். இரண்டு முறை ரீபூட் செய்தாகிவிட்டது. வியப்பு என்னவென்றால், விபிஎன் வழியாகப் பிஎம்சியின் (போர்டில் தனியாக ஓடும் கண்காணிப்பு சிப்) வெப் கன்சோல் நன்றாகத் திறக்கிறது.

கிண்டி மெஷினில் டிரைவர் ஏறுகிறது, சென்சார்களும் வருகின்றன. ஆனால் டாப்பில் கேஐபிஎம்ஐ0 என்ற ப்ராசஸ் ஒரு கோரை 100% வைத்திருக்கிறது. எஸ்டிஆர் ஒருமுறை முழுசாக வர 38 விநாடி. 15 விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது.

கிண்டியிலிருந்து அம்பத்தூர் போய்வர அரை நாள் ஆகும். தூரத்திலிருந்தே செய்யக்கூடியதை முதலில் சொன்னால் நல்லது.

*

கெர்னல்_கந்தன் பதில்:

டிரைவர் ஆப்ஷன்களை மாற்றிப் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். உங்கள் டிமெசேஜ் தெளிவாகவே சொல்கிறது. 0எக்ஸ்சிஏ2-இல் கேசிஎஸ் இருக்கிறது என்று பயாஸ் சொல்லியிருக்கிறது, டிரைவர் அங்கே போய்த் தட்டியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. அதே முகவரியைக் கையால் கொடுத்தால் அதே கதவைத்தான் மறுபடி தட்டும். போர்ட்ஸ் ஆப்ஷன், பயாஸ் தகவலே தராத போர்டுகளுக்கானது.

பயாஸ் சொன்னதை முழுசாகப் பார்க்க: டிஎம்ஐடிகோட் -டி 38. இன்டர்ஃபேஸ் டைப், பேஸ் அட்ரஸ், ரெஜிஸ்டர் ஸ்பேசிங் மூன்றும் அதில் இருக்கும். இன்டர்ஃபேஸ் டைப் எஸ்எஸ்ஐஎஃப் (எஸ்எம்பஸ் வழியாகப் பேசும் வேறு வகை) என்று இருந்தால் ஐபிஎம்ஐ_எஸ்ஐ உதவாது, ஐபிஎம்ஐ_எஸ்எஸ்ஐஎஃப் மாட்யூல் வேண்டும். உங்களுடையது கேசிஎஸ்தான், அதனால் அந்தக் கவலை இல்லை. டைப் 38 பகுதியே காணவில்லை என்றால், ஹோஸ்ட் எழும் நேரத்தில் பிஎம்சி பதில் தரவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் உள்ள முகவரியை அப்படியே ஒட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் போர்டும் 0எக்ஸ்சிஏ2 அல்ல. டெல் பவர்எட்ஜ் சர்வர்களில் 0எக்ஸ்சிஏ8, ஸ்பேசிங் 4 என்று வருவது வழக்கம். ஸ்பேசிங் தவறினால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் இருக்கும் இடமே தவறிவிடும்.

இப்போது டிரைவரை விட்டுவிட்டு அந்தப் போர்ட்டை நேராகப் படியுங்கள். ஸ்பேசிங் 1 என்பதால் டேட்டா ரெஜிஸ்டர் 0எக்ஸ்சிஏ2, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் 0எக்ஸ்சிஏ3. பத்தடிமானத்தில் அது 3235. ஐபிஎம்ஐ_எஸ்ஐ ஏறாத நிலையில், ரூட்டாக:

டிடி ஐஎஃப்=/டெவ்/போர்ட் பிஎஸ்=1 ஸ்கிப்=3235 கவுன்ட்=1 | எக்ஸ்எக்ஸ்டி

3235-ஐ மட்டும் படியுங்கள். 3234 டேட்டா ரெஜிஸ்டர். அதைப் படித்தால் பிஎம்சி எழுதிவைத்த பைட் எடுக்கப்பட்டதாகக் கணக்காகி, நடுவில் ஏதாவது பரிமாற்றம் இருந்தால் குலைந்துவிடும். ஸ்டேட்டஸைப் படிப்பதால் தீங்கு இல்லை.

வந்த பைட்டின் மேல் இரண்டு பிட்களைப் பாருங்கள். 00 என்றால் ஐடில், 01 ரீட், 10 ரைட், 11 எரர். கீழே பிட் 0 நமக்கு டேட்டா காத்திருக்கிறது என்பது, பிட் 1 நாம் எழுதியதைப் பிஎம்சி இன்னும் எடுக்கவில்லை என்பது. சும்மா இருக்கும் நல்ல பிஎம்சியில் மேல் இரண்டும் 00, பிட் 0, பிட் 1 இரண்டும் 0. எவ்வளவு நேரம் கழித்துப் படித்தாலும் பிட் 1 ஏறியே நின்றால் பிஎம்சிக்குள் கேசிஎஸ் கவனிக்கும் பகுதி தூங்கிவிட்டது. முழு பைட்டும் 0எக்ஸ்எஃப்எஃப் என்றால் அந்த முகவரிக்குப் பதில் சொல்ல பஸ்ஸில் யாருமே இல்லை. டிரைவரும் இதே 0எக்ஸ்எஃப்எஃப்-ஐப் பார்த்துத்தான் "நோ பிஎம்சி அட் திஸ் லொகேஷன்" என்று கைவிடுகிறது.

செக்யூர் பூட் போட்டிருந்தால் டெபியனில் கெர்னல் லாக்டவுனும் சேர்ந்து வரும். அப்போது /டெவ்/போர்ட் திறக்காது. போர்ட்ஸ் ஆப்ஷனும் "அன்சேஃப் மாட்யூல் பாராமீட்டர்ஸ்" என்று மறுக்கப்படும். அதை பிஎம்சி கோளாறு என்று எண்ண வேண்டாம்.

*

எஸ்எஸ்எச்_சுமதி பதில்:

நான் கிண்டி மெஷினுக்கு மட்டும் சொல்றேன். ரெண்டும் வேற வேற விஷயம், கலக்காதீங்க.

கேஐபிஎம்ஐ0 கெர்னல் த்ரெட். ரெண்டும் ஒரே மாடல் போர்டு, அம்பத்தூர் டிமெசேஜ்லயே ஐஆர்க்யூ 0ன்னு (இன்டரப்ட் இல்லைன்னு) இருக்கு பாருங்க, அதுதான் காரணம். கேசிஎஸ் ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் நகர்த்தும். ஒவ்வொரு பைட்டுக்கும் ஸ்டேட்டஸ் பார்க்கணும். இன்டரப்ட் இருந்தா பிஎம்சி கூப்பிடும். இல்லைன்னா டிரைவர் வாசல்லயே நின்னு திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கணும். அந்த எட்டிப் பார்க்கிற வேலைதான் 100%. அந்த த்ரெட் நைஸ் 19ல ஓடுது, அதனால மத்த வேலைகளுக்கு வழி விட்டுடும். ஆனா கோர் தூங்கவே போகாது, சூடு கூடும். சித்திரை வெயில்ல ஸ்ப்ளிட் ஏசி போட்ட ரூம்ல அது தேவையில்லாத பாரம்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்தலாம்:

எக்கோ 100 > /சிஸ்/மாட்யூல்/ஐபிஎம்ஐ_எஸ்ஐ/பாராமீட்டர்ஸ்/கேஐபிஎம்ஐடி_மேக்ஸ்_பிசி_யுஎஸ்

100ங்கிறது மைக்ரோ விநாடி. அவ்வளவு நேரம் சுத்திப் பார்த்துட்டு, ஒரு டிக் தூங்கிட்டு வரும். 0 வெச்சா வரம்பே இல்லை, அதுதான் டீஃபால்ட். 100ல சென்சார் ரொம்ப மெதுவானா 500 வரைக்கும் ஏத்திப் பாருங்க. சிபியு குறைஞ்சா வேகம் கொஞ்சம் குறையும், ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது. நிலையா வைக்க /ஈடிசி/மோட்ப்ரோப்.டி/ஐபிஎம்ஐ.கான்ஃப் ஃபைல்ல ஆப்ஷன்ஸ் ஐபிஎம்ஐ_எஸ்ஐ கேஐபிஎம்ஐடி_மேக்ஸ்_பிசி_யுஎஸ்=100.

ஆனா 38 விநாடிக்கு மூல காரணம் அது இல்லை. ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் ஒவ்வொரு தடவையும் சென்சார் பட்டியல் முழுசையும் பிஎம்சிகிட்ட இருந்து புதுசா இறக்குது. பட்டியல் மாறவே மாறாது, ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணாத வரைக்கும். ஒரு தடவை சேமிச்சு வெச்சுக்குங்க:

ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் டம்ப் /வார்/கேச்/எஸ்டிஆர்.பின்
ஐபிஎம்ஐடூல் -எஸ் /வார்/கேச்/எஸ்டிஆர்.பின் எஸ்டிஆர்

அந்த எஸ் பெரிய எழுத்து. ஃபர்ம்வேர் மாத்தின அன்னைக்கு மறக்காம டம்ப் மறுபடி எடுங்க, இல்லைன்னா ஃபேன் பேர்ல வெப்பநிலை வந்து நிக்கும்.

15 விநாடி இடைவெளியும் தேவையில்லை ப்ரோ. 60 போதும். ஸ்கிரிப்ட்டை எஃப்லாக் -என் போட்டு ஓட்டுங்க, முந்தினது முடியாம அடுத்தது கிளம்பாது.

ஒண்ணு கேட்கணும். ஃப்ரீஐபிஎம்ஐ தொகுப்பும் (ஐபிஎம்ஐடூல் மாதிரி இன்னொரு கருவி) இருக்கா ரெண்டுலயும்? கெர்னல் டிரைவர் ஏறலைன்னா அது நேரா கேசிஎஸ் போர்ட்லயே பேசப் போயிடும். அந்த நேரத்துல ஐபிஎம்ஐ_எஸ்ஐயும் ஏறினா ரெண்டு பேர் ஒரே போர்ட்ல பைட் போட்டு பிஎம்சி குழம்பிடும். /டெவ்/ஐபிஎம்ஐ0 வழியா எத்தனை ப்ரோக்ராம் வந்தாலும் கெர்னல் வரிசைப்படுத்தும், அதைச் சுத்திப் போறதுதான் ஆபத்து. ஃப்ரீஐபிஎம்ஐ கான்ஃப் ஃபைல்ல டிரைவர்-டைப் ஓப்பன்ஐபிஎம்ஐன்னு கட்டாயப்படுத்திடுங்க.

*

அம்பத்தூர்_ரேக்:

இருவருக்கும் நன்றி. ஆம், ஃப்ரீஐபிஎம்ஐ இரண்டிலும் இருந்தது, க்ரானில் ஐபிஎம்ஐ-சென்சார்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன்.

அம்பத்தூரில் ஸ்டேட்டஸ் பைட் எஃப்எஃப். பத்து முறை படித்தும் எஃப்எஃப்தான். செக்யூர் பூட் இல்லை. டைப் 38 சரியாகவே இருக்கிறது, கேசிஎஸ், சிஏ2.

*

கெர்னல்_கந்தன்:

சரி, அப்படியானால் லினக்ஸ் பக்கம் செய்ய எதுவும் இல்லை. வெப் கன்சோல் திறப்பதால் பிஎம்சி சிப் உயிரோடு இருக்கிறது. அதன் நெட்வொர்க் முகம் வேலை செய்கிறது, ஹோஸ்ட்டைப் பார்த்த முகம் மூடியிருக்கிறது. இரண்டும் தனித்தனி வாசல்கள்.

தூரத்திலிருந்தே செய்யக்கூடியது, நெட்வொர்க் வழியாகப் பிஎம்சியை மட்டும் ரீசெட் செய்வது:

ஐபிஎம்ஐடூல் -ஐ லேன்ப்ளஸ் -எச் பிஎம்சி_முகவரி -யு பயனர் -ஈ எம்சி ரீசெட் கோல்ட்

ஐ, எச், யு, ஈ நான்கும் பெரிய எழுத்து. -ஈ போட்டால் பாஸ்வேர்டை ஐபிஎம்ஐ_பாஸ்வேர்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுக்கும், ஷெல் ஹிஸ்டரியில் பதியாது. ஹோஸ்ட் ஓஎஸ் நிற்காது. பிஎம்சி மீண்டும் எழ ஓரிரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஃபேன்கள் முழு வேகத்தில் கத்தலாம், பயப்பட வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று. ஐபிஎம்ஐடூல் எம்சி வாட்ச்டாக் கெட் கொடுத்து வாட்ச்டாக் டைமர் (ஹோஸ்ட் உறைந்தால் சர்வரை ரீசெட் செய்வது) ஓடுகிறதா என்று, மேலே சொன்ன அதே லேன்ப்ளஸ் வழியில் பாருங்கள். ஐபிஎம்ஐ_வாட்ச்டாக் டிரைவரின் டீஃபால்ட் 10 விநாடி, செயல் ரீசெட். ஓடுகிற டைமரோடு பிஎம்சியைக் கலைத்தால் சர்வரே விழ வாய்ப்பு உண்டு. உங்களிடம் டிரைவரே ஏறவில்லை என்பதால் பெரும்பாலும் நின்றிருக்கும், ஆனால் பார்க்காமல் செய்யாதீர்கள்.

ரீசெட்டுக்குப் பின் ஸ்டேட்டஸ் பைட்டை மறுபடி படியுங்கள். இன்னும் எஃப்எஃப் என்றால் பயாஸில் கேசிஎஸ் அல்லது ஹோஸ்ட் இன்டர்ஃபேஸ் என்ற பெயரில் ஏதாவது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிஎம்சி வெப் பக்கத்திலும் சில போர்டுகளில் அதற்கு ஒரு தேர்வு உண்டு. பழைய உரிமையாளர் பாதுகாப்புக்காக அணைத்திருக்கலாம். செகண்ட்ஹேண்ட் சர்வரில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் மின்சாரத்தை முழுசாக எடுப்பதுதான் வழி. நீங்கள் செய்த ரீபூட் எதுவும் பிஎம்சியைத் தொடவில்லை. பவர் பட்டனை அழுத்தி அணைத்தாலும் தொடாது. கேபிள் செருகியிருக்கும் வரை ஸ்டேண்ட்பை மின்சாரத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓஎஸ்ஸை முறையாக ஷட்டவுன் செய்து, டேட்டா சென்டர் ரிமோட் ஹேண்ட்ஸுக்கு (நமக்காக அங்கே கை வேலை செய்யும் ஊழியர்கள்) டிக்கெட் போடுங்கள். டிக்கெட்டில் இப்படியே எழுதுங்கள்: ஏ ஃபீட், பி ஃபீட் இரண்டு கேபிளையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டும், 60 விநாடி வெளியே வைக்க வேண்டும், பின் இரண்டையும் செருகி 2 நிமிடம் காத்திருந்து பவர் ஆன் செய்ய வேண்டும். விளக்கமாக எழுதாவிட்டால் ஒன்றைக் கழற்றிச் செருகிவிட்டு அடுத்ததைக் கழற்றுவார்கள், பிஎம்சிக்கு ஒரு நொடிகூட மின்சாரம் போயிருக்காது. அந்த 2 நிமிடக் காத்திருப்பும் தேவை. பிஎம்சி எழும் முன் ஹோஸ்ட் எழுந்தால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

ஒரே பெட்டிக்குள் நான்கு நோட் இருக்கும் 2யு சேஸிஸ் என்றால் பவர் சப்ளை எல்லா நோடுக்கும் பொது. அங்கே இதைச் செய்தால் நான்கும் விழும்.

*

ஃபயர்வால்_பெரம்பூர்:

லேன்ப்ளஸ் பற்றி இரண்டு குறிப்பு. "அனேபிள் டு எஸ்டாப்ளிஷ் ஐபிஎம்ஐ வி2 / ஆர்எம்சிபி+ செஷன்" என்று வந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகிக்கும் முன் சைஃபர் சூட்டை (குறியாக்க முறையின் எண்) பாருங்கள். பழைய ஃபர்ம்வேர் 3 மட்டும் அறியும், புதியவை 17. -சி 3 அல்லது -சி 17 என்று மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம், சி பெரிய எழுத்து. பாஸ்வேர்ட் 20 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, அது ஐபிஎம்ஐ 2.0 வரையறையின் எல்லை.

இரண்டாவது முக்கியமானது. யுடிபி 623 விபிஎன்னுக்கு வெளியே எந்தக் காரணத்துக்காகவும் தெரியக் கூடாது. ஐபிஎம்ஐ 2.0-இல் உள்நுழையும் முறையிலேயே, பயனர் பெயர் தெரிந்த எவரும் பாஸ்வேர்ட் ஹேஷைப் பிஎம்சியிடமிருந்தே வாங்கி வீட்டில் உட்கார்ந்து உடைத்துப் பார்க்க முடியும். சிவிஇ-2013-4786. இது நெறிமுறையிலேயே உள்ள ஓட்டை, ஃபர்ம்வேர் அப்டேட்டால் மூடாது. செகண்ட்ஹேண்ட் போர்டு என்பதால் ஐபிஎம்ஐடூல் யூசர் லிஸ்ட் 1 கொடுத்துப் பழைய ஆட்களின் கணக்குகள் இருந்தால் இன்றே நீக்குங்கள். சைஃபர் 0 திறந்திருந்தால் அணையுங்கள், அதில் பாஸ்வேர்டே கேட்காது. ஐபிஎம்ஐடூல் லேன் ப்ரிண்ட் 1-இல் சைஃபர் பட்டியல் தெரியும்.

*

அம்பத்தூர்_ரேக்:

முடிவைப் பதிகிறேன், இதே எஃப்எஃப் யாருக்காவது வந்தால் உதவும்.

வாட்ச்டாக் நின்றிருந்தது. கோல்ட் ரீசெட் -சி 3 போட்ட பின்தான் ஏற்றது. ரீசெட்டுக்குப் பின்பும் எஃப்எஃப். பயாஸிலும் வெப் பக்கத்திலும் அணைத்த தேர்வு எதுவும் இல்லை. டிக்கெட்டில் நீங்கள் எழுதியதை அப்படியே போட்டேன், இரண்டு கேபிளையும் கழற்றிச் செருகினார்கள். எழுந்ததும் ஸ்டேட்டஸ் பைட் 00. ஐபிஎம்ஐ_எஸ்ஐ தானாகவே ஏறியிருந்தது, டிமெசேஜில் "ஃபவுண்ட் நியூ பிஎம்சி". யூசர் லிஸ்டில் தெரியாத கணக்கு இரண்டு இருந்தது, நீக்கிவிட்டேன்.

கிண்டியில் கேச் போட்டதும் 38 விநாடி 7 ஆனது. கேஐபிஎம்ஐ0 மதிப்பு 300-இல் நிறுத்தியிருக்கிறேன்.

மிச்சம் இரண்டு. ரீபூட்டுக்குப் பின் ஐபிஎம்ஐ_எஸ்ஐ வந்தாலும் /டெவ்/ஐபிஎம்ஐ0 வருவதில்லை, டெவ்இன்ட்எஃப்-ஐக் கையால் ஏற்ற வேண்டியிருக்கிறது. எஸ்இஎல் (பிஎம்சியின் நிகழ்வுப் பட்டியல்) பதிவுகளின் நேரமும் தவறாக வருகிறது. போர்டு பேட்டரி போய்விட்டதா?

*

எஸ்எஸ்எச்_சுமதி:

ஐபிஎம்ஐ_எஸ்ஐக்கு வன்பொருள் அடையாளம் இருக்கு, ஏசிபிஐ பார்த்து தானா ஏறும். டெவ்இன்ட்எஃப் எந்த வன்பொருளோடயும் ஒட்டலை, அதை யாராவது கூப்பிட்டாத்தான் வரும். /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி/ஐபிஎம்ஐ.கான்ஃப்ல ஐபிஎம்ஐ_டெவ்இன்ட்எஃப்னு ஒரு வரி போதும்.

/டெவ்/ஐபிஎம்ஐ0 ரூட்டுக்கு மட்டும்தான் திறக்கும். கண்காணிப்பு ஏஜென்ட்டை ரூட்டா ஓட்டாதீங்க. அந்த டிவைஸைத் தொடற யாரும் சர்வரை அணைக்கலாம், பிஎம்சி பாஸ்வேர்டை மாத்தலாம். சூடோவுல அந்த ஒரு எஸ்டிஆர் கமாண்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

*

கெர்னல்_கந்தன்:

பேட்டரியை மாற்றும் முன் எவ்வளவு தவறு என்று பாருங்கள். சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருந்தால் பிஎம்சி யுடிசியில் இருக்கிறது, அவ்வளவுதான். ஐபிஎம்ஐடூல் எஸ்இஎல் டைம் கெட் கொடுத்து டேட் -யு உடன் ஒப்பிடுங்கள். பொருந்தினால் அப்படியே விடுங்கள், இரண்டு மெஷின் பதிவுகளைச் சேர்த்துப் படிக்கும்போது யுடிசிதான் வசதி. 1970 அல்லது வேறு பழைய ஆண்டு வந்தால், கேபிள் கழற்றியதில் நேரம் போயிருக்கிறது. பிஎம்சி வெப் பக்கத்தில் என்டிபி முகவரி கொடுங்கள். அது பிஎம்சியின் நெட்வொர்க்கிலிருந்து எட்டக்கூடிய முகவரியாக இருக்க வேண்டும், உங்கள் விபிஎன் தனி விலேன் என்றால் வெளியே போகாது.